மணி அடித்த பின் வரும் ஐந்து நிமிடங்கள்

அன்பு மகள் கயலுக்கு,

நீ பாடம் நடத்தும் பள்ளியில் ஒழுங்குப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். புகைப்பது, அடிதடி, வகுப்புக்கு மட்டம் போடுவது எல்லாவற்றுக்கும் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்பார்கள். அதை ஏற்காதே. மைக்கேல் ரட்டர் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரின் குழுவினர் லண்டனில் 12 பள்ளிகளை ஒப்பிட்டு 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேரும்போதே பிள்ளைகளிடம் இருந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தும், நடத்தையும் வருகையும் பள்ளிக்குப் பள்ளி மாறின. கட்டடம் பழையதா புதியதா என்பது பொருட்டாக இல்லை. பாடம் நேரத்துக்குத் தொடங்குகிறதா, பாராட்டு கிடைக்கிறதா, பிள்ளைகளிடம் பொறுப்பு தரப்படுகிறதா என்பவைதான் கணக்கில் வந்தன.

பதின்வயதில் தனியாக இருக்கும்போது வராத துணிச்சல், நண்பர்கள் பார்க்கும்போது வந்துவிடும். அதனால் பெரியவர்கள் இல்லாமல் கூட்டம் சேரும் இடம்தான் ஆபத்து. பள்ளியின் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள். இரண்டு வாரம், நடந்த ஒவ்வொன்றையும் இடமும் நேரமும் போட்டு அதில் குறி. பெரும்பாலும் கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், பின்வாசல் என்று சில இடங்களிலேயே புள்ளிகள் குவியும். அதுவும் மணி அடித்த பின் வரும் ஐந்து நிமிடங்களில். அந்த நேரத்தில் அங்கே ஒருவர் நிற்கட்டும். மற்ற ஆசிரியர்கள் அவரவர் வகுப்பு வாசலில் நிற்கட்டும், முதல் வேலை கரும்பலகையில் எழுதியிருக்கட்டும். உடைந்த தாழ்ப்பாளை அன்றே மாற்று, சுவர்க் கிறுக்கலை மறுநாள் காலைக்குள் அழித்துவிடு. அப்படியே விட்டால், இங்கே கேட்க ஆளில்லை என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

விதிகள் நான்கைந்து போதும். கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: ஒரு ஆசிரியர் செல்போனைப் பிடுங்குவார், அடுத்தவர் கண்டும் காணாமல் போவார். அப்புறம் பிடிபட்டவன் தன் தப்பை நினைக்கமாட்டான், தன் துரதிர்ஷ்டத்தைத்தான் நினைப்பான். தண்டனை சிறிதாக இருக்கட்டும், ஆனால் அன்றே, எல்லாருக்கும் ஒரேமாதிரி. ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிறுத்திவைக்காதே.

இடைநீக்கத்தைக் கடைசிவரை தள்ளிப்போடு. கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் பிள்ளையைத்தான் அது கண்காணிப்பே இல்லாத பகல்பொழுதுக்கு அனுப்புகிறது. திரும்பி வரும்போது பாடம் விட்டுப்போயிருக்கும். அந்த வெட்கத்தில் மறுபடி மட்டம் போடுவான்.

ஒன்று மட்டும் மறக்காதே. வீட்டில் அடி வாங்குகிறவளையும், போதைப் பழக்கத்தில் சிக்கியவனையும் வராந்தா ஒழுங்கு குணப்படுத்தாது. அவர்களை மனநல ஆலோசகரிடம் சேர்ப்பது தனி வேலை, அதைத் தள்ளிப்போடாதே.

இரண்டு வாரம் முடிந்ததும் வரைபடத்தை அனுப்பு, பாடவேளை அட்டவணையோடு. எந்த மணிக்கு யாரை எங்கே நிறுத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா