தூக்கிச் சென்ற படமும் கேட்காமல் விட்ட கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சக்கர நாற்காலி மாணவரை நண்பர்கள் மூன்றாம் மாடி வகுப்புக்குத் தூக்கிச் செல்லும் படத்தைப் போட்டு, 'மனிதநேயம் சாகவில்லை' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நண்பர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. அந்த வகுப்பை ஏன் தரைத்தளத்துக்கு மாற்றவில்லை என்று கல்லூரி முதல்வரிடம் கேட்கத்தான் உங்கள் நிருபருக்கு நேரம் இருந்திருக்காது.

நானும் அப்படித் தூக்கிச் செல்லப்பட்டவன்தான். தூக்க ஆள் வராத நாளில் எனக்கு வகுப்பு கிடையாது. கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். தேர்வையாவது கீழே எழுதுகிறேன் என்றால் ஒவ்வொரு பருவமும் புது மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். விடுமுறையில் எனக்குக் கால் சரியாகிவிட்டதோ என்னவோ! இதெல்லாம் புகைப்படத்தில் விழாது.

ரொனால்ட் மேஸைத் தாங்கள் அறியாதவரல்ல. போலியோ தாக்கிய அவர் அமெரிக்காவில் கட்டடக்கலை படித்தபோது, அவரையும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். 1966-இல் பட்டம் பெற்று வந்தவர், கட்டும்போதே எல்லாருக்கும் ஏற்றபடி கட்டுங்கள் என்று வாதாடி, அதற்கு 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்று பெயரும் வைத்தார். உயர்கல்வியில் எங்களுக்குச் சம உரிமை உண்டு என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இலேயே சொல்லிவிட்டது.

இப்போது கேட்டால் சாய்தளம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, கட்டடத்தின் பின்புறம், குப்பைத்தொட்டியை ஒட்டி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நான் பார்த்தவற்றில் பல சறுக்குமரங்கள். லிஃப்ட் சாவி வைத்திருப்பவரோ எப்போதும் விடுப்பில்.

இன்னொன்றும் மறக்க முடியவில்லை. பாடத்தைப் பதிவுசெய்து அனுப்புங்கள் என்று நாங்கள் கெஞ்சியபோது 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்றார்கள். 2020-இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்ததும், அதே பாடம் கைப்பேசிக்கே வந்தது. சரி, எங்களுக்காக இல்லாவிட்டாலும் யாருக்காகவோ வந்ததே!

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் மின்னிதழில் பக்கங்களைப் படமாகவே ஏற்றுகிறீர்கள். திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளில்தான் பார்வையற்ற என் தோழி படிக்கிறார்; உங்கள் பக்கத்தைத் திறந்தால் அது வாயே திறப்பதில்லை. அடுத்த இதழிலிருந்து எழுத்து வடிவிலும் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், இதையும் அப்படியே போடவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்