அய்யனார் கோயில் தோப்புக்கு கை குடுங்க

ஊர் சொந்தங்களுக்கும், சென்னை பெங்களூர் சிங்கப்பூர்னு வேலைக்குப் போயிருக்கிற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்களுக்கும் தோப்பு கமிட்டியோட வணக்கம்.

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுனப்ப பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் சாஞ்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே புயல்ல நம்ம அய்யனார் தோப்புல பெரிய மரம் முக்காவாசி போனதும் அப்புறம் அந்த எடத்துல வேலிக்காத்தான், அதான் சீமைக்கருவேலம், மண்டிக்கிட்டதும் வெளியூர்ல இருக்கறவங்க பலபேருக்குத் தெரியாது. அதை வேரோட எடுத்தாச்சு. இனிமே திரும்ப மரம் வெச்சி வளக்கறதுக்குத்தான் செலவு.

கன்னு வாங்க காசு கேக்கலிங்க. அத்தி, ஆல், அரசு, இலுப்பை, நாவல் எல்லாம் நாமளே பையில போட்டு வளத்து வெச்சிருக்கோம். அது என்ன அத்தியும் ஆலும் இத்தனைன்னு சிலபேர் கேட்டாங்க. அத்திப்பழத்தைப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழுன்னு சொல்லுவாங்கல்ல, அதுல நெறைய அத்திக்குளவிதான், அது இல்லன்னா அத்தியில விதையே புடிக்காது. காய் நுனியில இருக்கிற பொடி ஓட்டை வழியா பொட்டைக்குளவி உள்ள நொழையும், நொழையும்போதே ரெக்கை பிஞ்சிடும், உள்ள இருக்கிற பூவுக்கு மகரந்தத்தைக் குடுத்து முட்டையும் போட்டுட்டு அங்கயே செத்துடும். அந்த முட்டையில பொறக்குற ஆண்குளவிக்கு ரெக்கையே கெடையாது, அது வழி தோண்டிக் குடுக்க பொட்டைங்க மகரந்தத்தோட வெளிய பறக்கும். வெளிய வந்தா ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆயுசு, அதுக்குள்ள சரியான பருவத்துல பிஞ்சு வெச்சிருக்கிற வேற அத்தி மரம் கெடைக்கணும். ஆலுக்கு வேற குளவி, அரசுக்கு வேற குளவி. அதனாலதான் ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சாவது வேணும்ங்கறோம், பழம் இருந்தாதான் குயிலும் குக்குறுவானும் வௌவாலும் வரும், அதுங்க எச்சத்துல விழற விதைதான் நாம நடாத மரத்தையெல்லாம் கொண்டு வரும். இலுப்பைக்கும் வௌவால் வேணும், ராத்திரி பூவைத் திங்க வந்துதான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கடத்துது.

முந்திரி வெச்சிருக்கிறவங்களுக்கும் சொல்றோம், தளிரைக் கருக வைக்கிற தேயிலைக்கொசுங்கற சாறு உறிஞ்சுற பூச்சிய முசுறு எறும்பு புடிச்சித் திங்கும். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிய அது காவல் காக்கும்ங்கறதும் உண்மைதான், ஆனாலும் கமிட்டிக்கு முசுறு வேணும், மருந்து அடிச்சி அழிக்க வேணாம். அது எலைய தச்சி கூடு கட்ட பெரிய மரம் தோதா இருக்கும்.

தோப்புக்குள்ள சிமென்ட் தரை போடலாம்னு வந்த யோசனைய கமிட்டி ஏத்துக்கல. சருகு கெடக்கணும், மரவட்டையும் கரையானும் மண்புழுவும் அதைத் தின்னு மண்ணாக்கணும், சருகைக் கொளுத்தவும் கூடாது.

காசு எதுக்குன்னா, ஆடு மாடு நொழையாம சுத்தி கம்பிவேலி, ரெண்டு கோடைக்கு டேங்கர் தண்ணி, பாத்துக்க ஒரு ஆளுக்குக் கூலி. ஒரு கன்னை ரெண்டு வருசம் காப்பாத்த 500 ரூபாய்னு கணக்குப் போட்டிருக்கோம், முடிஞ்சவங்க பத்து கன்னு எடுத்துக்குங்க, முடியாதவங்க 50 ரூபா குடுத்தாலும் ரசீது உண்டு. காசு இல்லன்னா எருவும் வேலிக்குக் கல்லுக்காலும் குடுங்க, ஞாயித்துக்கிழமை குழி வெட்ட வாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டாகணும், அதனால ஆவணிக்குள்ள பணம் வந்து சேரணும். பொருளாளர் கிட்ட நேர்ல குடுக்கலாம், வெளியூர்க்காரங்க வீட்டு ஆளுங்க மூலமா குடுங்க. வரவு செலவு மாசாமாசம் கோயில் போர்டுல ஒட்டிடுவோம்.