பர்மிங்காமிலிருந்து சித்தப்பாவுக்கு: கஸ்டர்ட் வாசனை பற்றி

பர்மிங்காம்
16 நவம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியும் தம்பிமாரும் நலமாக இருப்பீர்கள். இங்கே மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடினாலும் சமையலறை ஜன்னலோரம் தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கிறது.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்தது இரண்டு விஷயம். வேப் என்பது திரவத்தைக் கம்பிச் சுருளால் சூடாக்கி, புகைபோல ஆவியை இழுக்கும் மின்கருவி; பேக்கரி வாசனையெல்லாம் அந்தத் திரவத்துக்குள் எப்படி வருகிறது என்பது ஒன்று. உங்கள் பேக்கரியில் இருக்கும் வெண்ணெய் எசன்ஸும் பாதாம் எசன்ஸும் அனுப்பட்டுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அதைக் கலக்கவே கூடாது.

கேக்கில் போடும் எசன்ஸ் பலவற்றுக்கு எண்ணெய்தான் அடிப்படை. வயிறு எண்ணெயைச் செரித்துவிடும், நுரையீரலுக்கு அந்த வழி இல்லை. எண்ணெய் ஆவியோடு போய் உள்ளே தங்கினால் லிப்பாய்டு நிமோனியா வரும். 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்குப் போனார்களே, அதில் முக்கியமாகப் பிடிபட்டது வைட்டமின் ஈ அசிடேட் என்கிற எண்ணெய்ப் பொருள். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சாறு திரவத்தில் அதைக் கலந்திருந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். எண்ணெய் இல்லாத எசன்ஸிலும் சர்க்கரையோ நிறப்பொடியோ இருக்கும். இரண்டும் சூட்டுக்கம்பியில் கருகும்.

வெண்ணெய் எசன்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெண்ணெய் மணத்தைத் தருவது டைஅசிட்டைல். தின்றால் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஜாஸ்பர் ஊரில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டில் எட்டுப் பேருக்கு அந்த நோய் இருப்பது வெளியே வந்தது. ‘உணவுக்கு ஏற்றது’ என்று சீட்டில் போட்டிருந்தால் அது வாய்க்கும் வயிற்றுக்கும் மட்டும்தான். மூச்சுக்கு அந்தச் சொல் எந்த உறுதியும் தராது.

இந்த நாட்டில் வேப்பை ஏன் இவ்வளவு பேர் பிடிக்கிறார்கள் என்றும் கேட்பீர்கள். சிகரெட்டை விடுவதற்கு இங்கே அரசே வேப்பைப் பரிந்துரைக்கிறது. 2023-இல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் பெட்டி கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். புகைப்பதைவிட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைவு என்று 2015-இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது. தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. புகைக்காதவன் தொடவே கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் கூடாது. ஒருமுறை பிடித்து எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதனால் நிரப்பிப் பிடிக்கும் கருவிக்கு வந்தவர்கள் பலர். 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லித் திரவத்துக்கு 2 பவுண்டு 20 பென்ஸ் வரி என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் திரவத்தை வீட்டிலேயே கலப்பது பற்றிய பேச்சு கூடியிருக்கிறது.

நம் நாட்டில் 2019 முதல் இது முழுத் தடை என்பதை மறந்துவிடாதீர்கள். கொண்டுவந்தாலும் விற்றாலும் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தம்பிக்கு ஆசையாக இருந்தாலும் நான் எதையும் கொண்டுவர மாட்டேன்.

இனி கலவைக்கு வருகிறேன். அடிப்படைத் திரவம் இரண்டு: புரோபிலீன் கிளைகால், காய்கறிக் கிளிசரின். பிஜி, விஜி என்பார்கள். பிஜி தண்ணீர் போல ஓடும், வாசனையை நன்றாகத் தூக்கும், தொண்டையில் கொஞ்சம் உறைக்கும். விஜி தேன் போல கெட்டி, இலேசான இனிப்பு, புகை அடர்த்தி இதனால்தான். மருந்துத் தரமாக இருக்க வேண்டும். வாசனைச் சாறு பெரும்பாலும் பிஜியில் கரைந்தே வரும்.

அளப்பதற்கு சிரிஞ்சை விட தராசு மேல். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். விஜி சிரிஞ்சு முனையில் ஒட்டிக்கொள்ளும், நாலு துளி இங்குமங்கும் போய்விடும். தராசில் அந்தப் பிழை வராது. ஒரு மில்லி விஜி 1.26 கிராம், பிஜி 1.04 கிராம், வாசனைச் சாற்றை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 70 பங்கு விஜி, 30 பங்கு பிஜி, அந்த 30-க்குள்ளேயே 5 சதவீதம் வாசனை என்று 10 மில்லி சோதனைக் குப்பி போட கணக்கு இதுதான்: வாசனை 0.50 கிராம், பிஜி 2.60 கிராம், விஜி 8.82 கிராம். மொத்தம் 11.92 வர வேண்டும். வாசனையை முதலில் ஊற்றுங்கள், விஜியைக் கடைசியில். ஒரு துளி கூடிப்போனாலும் அப்போது குப்பியில் வேறொன்றும் இல்லாததால் உடனே தெரியும், பணமும் நட்டமில்லை. இந்தக் குளிரில் விஜி நகரவே நகராது. குப்பியை இறுக மூடி வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் குலுக்கினால் கலந்துவிடும்.

சோதனைக் குப்பியில் நிகோட்டின் சேர்ப்பதில்லை. அதற்கே ஒரு மிளகுக் காரம் உண்டு, மணத்தை மறைத்துவிடும். செய்முறை உறுதியான பின் சேர்த்தால் போதும். 50 மில்லியில், மில்லிக்கு 18 மில்லிகிராம் உள்ள 10 மில்லிக் குப்பி ஒன்றை ஊற்றினால் 60 மில்லியில் மில்லிக்கு 3 மில்லிகிராம் கிடைக்கும். மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இங்கே சட்டம் விடாது, குப்பியும் 10 மில்லிக்கு மேல் போகக் கூடாது. கையுறை கட்டாயம். தோலில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். குழந்தை கை எட்டும் இடத்தில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, வாசனைகளை ஒன்றோடொன்று சேர்க்குமுன் ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிப்பது. புதிதாகக் கலப்பவர்கள் அநேகம்பேர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். ஐந்து வாசனையை ஒன்றாக ஊற்றிவிட்டு, சோப்பு நாறுகிறது, எதனால் என்று தெரியவில்லை என்பார்கள். ஒரே வாசனையை 2, 4, 6, 8 சதவீதமென நாலு குப்பி போடுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர், சதவீதம், தேதி ஒட்டுங்கள். எல்லாச் சாறும் ஒரே வீரியமில்லை. வாசனைக் கம்பெனிகளில் அமெரிக்காவின் கபெல்லாவை 5 சதவீதம் போட்டால், போலந்தின் இனவேராவையும் இத்தாலியின் ஃபிளேவர் ஆர்ட்டையும் 1 சதவீதத்திலிருந்து தொடங்குவது நல்லது. அளவு கூடினால் மணம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு எல்லைக்கு மேல் மணம் மங்கி, தொண்டையில் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

பிடித்துப் பார்க்க, திரவத்தை நிரப்பி வைக்கும் டாங்கை விட டிரிப்பர் ஏற்றது. திறந்த தட்டு போலிருக்கும், பஞ்சில் நாலு துளி விட்டால் போதும். காந்தால் என்ற கலப்புலோகக் கம்பிச் சுருள் ஒன்று, 0.6 ஓம் அளவில், 25 முதல் 30 வாட்டுக்குள். எல்லாக் குப்பிக்கும் ஒரே வாட் வையுங்கள். சூடு மாறினால் சுவையும் மாறும், பிறகு ஒப்பிட முடியாது. வாசனை மாறும்போதெல்லாம் புதுப் பஞ்சு. பஞ்சை எடுத்துவிட்டு கம்பியைக் குறைந்த வாட்டில் இலேசாகச் சிவக்கவிட்டு, ஆறியபின் தேய்த்தால் பழைய கறை போய்விடும். ஒரு நாளில் நாலு வாசனைக்கு மேல் பார்க்க வேண்டாம். மூக்கு மரத்துப்போகும். உங்களுக்குத் தெரியாததா, ஓவன் பக்கத்தில் நிற்பவருக்குக் கடைவாசலில் வரும் ரொட்டி மணம் தெரிவதில்லையே.

கஸ்டர்டைச் சோதிப்பதில்தான் பொறுமை அதிகம் வேண்டும். இந்த ஊருக்கும் கஸ்டர்டுக்கும் உறவு உண்டு. முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837-இல் இங்கே ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் முட்டையில்லாத கஸ்டர்ட் பொடி செய்தார். அவர் பெயரிலிருந்த ஆலை இன்று டிக்பெத் பகுதியில் ‘கஸ்டர்ட் ஃபேக்டரி’ என்ற பெயரில் கலைக்கூடங்களும் கடைகளுமாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு எதுவானாலும் இங்கே ‘புட்டிங்’தான், பலவற்றின் மேல் கஸ்டர்ட் ஊற்றிக் கொடுப்பார்கள்.

கலந்த அன்று கஸ்டர்ட் வாசனை கூர்மையாக, சாராய நெடியோடு இருக்கும். நான் அன்றே தீர்ப்புச் சொல்வதில்லை. 1, 7, 14, 28-ஆம் நாட்களில் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இருட்டான அலமாரியில் ஊற ஊற கூர்மை தணிந்து, வனிலா உருண்டு திரளும். நிறம் பழுப்பாகும். அது வனிலின் செய்கிற வேலை, கெட்டுப்போனதல்ல. சூடேற்றி அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். வெப்பத்தில் மேல்மணம் பறந்துவிடுவதுதான் மிச்சம்.

டைஅசிட்டைலைத் தவிர்க்க சில கம்பெனிகள் பழைய கஸ்டர்டுக்குப் பக்கத்தில் புது வகையையும் விற்கின்றன. அதோடு அதே வகை வெண்ணெய் மணப் பொருட்களான அசிட்டோயின், அசிட்டைல் புரோபியோனைல் என்ற இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிகோட்டின் உள்ள திரவத்தில் டைஅசிட்டைல் இங்கே கூடாது. ஆனால் நிகோட்டின் இல்லாத வாசனைச் சாறு அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் தயாரிப்பாளரின் தகவல் தாளை வாங்கிப் பார்த்து, மூன்றும் இல்லாததை மட்டுமே எடுக்க வேண்டும். புது வகையில் வெண்ணெய்ப் பதத்துக்கு பியூட்டிரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. அளவு மிஞ்சினால் வாந்தி நாற்றம் வரும். 7 சதவீதத்தில் நாறுவது 3 சதவீதத்தில் கூழ்பதமாக இருக்கும். குறைத்துவிட்டு, போதாத இடத்தை வனிலாவால் நிரப்புவதுதான் வழி.

பிஸ்கட் வாசனையில் வறுபட்ட மணத்தைத் தருவது அசிட்டைல் பைரசின் என்ற பொருள். 5 சதவீதக் கரைசலாக விற்பதில் 0.5 சதவீதம் போதும், 1-ஐத் தாண்டினால் சோளச் சிப்ஸ் போலாகிவிடும். இனிப்புக்கு ‘எத்தில் மால்டால்’ என்ற பொருளைச் சேர்ப்பார்கள். பஞ்சுமிட்டாய் மணம் தரும், அதிகமானால் மற்ற வாசனையையெல்லாம் அமுக்கிவிடும். சுக்ரலோஸ் நாக்குக்கு நல்ல இனிப்பு. ஆனால் ஆவியாகாமல் கம்பியில் கரியாகப் படியும், சுருளின் ஆயுளைக் குறைக்கும். தனி வாசனைச் சோதனையில் இரண்டையுமே போடுவதில்லை. பட்டை வாசனை சில பிளாஸ்டிக் டாங்குகளில் விரிசல் விழ வைக்கும், கண்ணாடி டாங்கு வேண்டும்.

இங்கே ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை கஸ்டர்டோடு சாப்பிடுவார்கள், அதே ஜோடி மிட்டாயாகவும் உண்டு. திரவத்தில் கஸ்டர்ட் 4, ருபார்ப் 2.5, பிஸ்கட் 1 சதவீதம் என்று தொடங்கலாம். பழ மணம் நாளாக நாளாகத் தேயும், வனிலா வளரும். முதல் நாள் சரியாக இருந்தது மூன்றாம் வாரம் வெறும் கஸ்டர்டாகிவிடும். அதனால் கஸ்டர்டைத் தனியாக ஊறவைத்துவிட்டு, பிடிப்பதற்கு மூன்று நாள் முன்பு ருபார்பைச் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாக, நம் தூத்துக்குடி மக்ரூன் மணம் வருமா என்று கேட்டீர்கள். முந்திரியின் வறுவல் மணத்தை பைரசின் கொஞ்சம் தொடும், மெரிங் என்று ஒரு வாசனை முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மணத்தைத் தரும். ஆனால் மக்ரூனின் உயிர் கடித்ததும் நொறுங்கிக் கரைவதில் இருக்கிறது. ஆவியைக் கடிக்க முடியாதே. பாலாடைக் கெட்டியை லாக்டோன் என்ற பொருளின் பால் மணத்தால் நினைவூட்டலாம், மொறுமொறுப்பை வறுவல் மணத்தால் நினைவூட்டலாம், அவ்வளவுதான். எசன்ஸுக்குப் பதிலாக மக்ரூனையே அரை கிலோ, காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புங்கள். இந்த ஊர் ஈரத்தில் திறந்தால் ஒரே நாளில் நமர்த்துவிடும்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மகன்