ட்ரீம் தியேட்டர் ஆல்பம் வரிசை: ஞாயிறு மாலை வாக்கெடுப்பு

வணக்கம் நண்பர்களே.

அமெரிக்க மெட்டல் இசைக்குழு ட்ரீம் தியேட்டரின் 16 ஸ்டுடியோ ஆல்பங்களையும் நம் குழு வரிசைப்படுத்தப் போகிறது. வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடியோ காலில் பேசி முடிவு செய்வோம். லிங்க் அன்று 5.30க்கு இங்கேயே வரும். அதற்கு முன்:

1. உங்களுக்குப் பிடித்த 5 ஆல்பங்களை வரிசையாக எழுதி, வெள்ளி இரவு 9 மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். ஒருவர் பட்டியலைப் பார்த்து மற்றவர் மனம் மாறிவிடுகிறது. முதலிடத்துக்கு 5 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 1.

2. 2025இல் வந்த 'பாராசோம்னியா'வை ஒருமுறையாவது முழுதாகக் கேளுங்கள். 2010இல் விலகிய மைக் போர்ட்னாய் திரும்பி வந்தபின் டிரம்ஸ் வாசித்த முதல் ஆல்பம் அது.

3. போர்ட்னாய்க்குப் பதிலாக மைக் மாஞ்சினி டிரம்ஸ் வாசித்த 5 ஆல்பங்களை (2011 முதல் 2021 வரை) கேட்காமலே ஒதுக்கிவிடாதீர்கள். இது என் வேண்டுகோள். ட்ரீம் தியேட்டருக்கு கிராமி விருது வாங்கித் தந்த 'தி ஏலியன்' அந்தக் காலத்துப் பாட்டுதான்.

4. கச்சேரிப் பதிவுக்குத் தனி ஓட்டு, ஆளுக்கு ஒன்று. 2004இல் டோக்கியோ புடோகானில் வாசித்ததா, 2006இல் நியூயார்க் ரேடியோ சிட்டியில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த 'ஸ்கோர்' பதிவா, வேறு ஏதாவதா? என் ஓட்டு 'ஸ்கோர்'. அதில் 'ஆக்டவேரியம்' பாட்டு முடியும் இடம் இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

வருபவர்கள் இன்றே 'சரி' என்று பதில் போடுங்கள். வர முடியாவிட்டாலும் பட்டியலை அனுப்பினால் கணக்கில் சேரும்.