செயலாளரின் ஆண்டறிக்கை: வீடற்றோர் தங்குமிடமும் அங்கே தங்குபவரின் உரிமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்க உறுப்பினர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை அடைப்பு, குடிநீர் என்று வார்டு அலுவலகத்துக்கு அலைவது இந்த ஆண்டும் குறையவில்லை. மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி எழுதினோம். பாதி தூரம் வாரினார்கள், மீதிக்கு மறுபடி எழுதியிருக்கிறோம். பொங்கல் விளையாட்டுப் போட்டியும் ரத்ததான முகாமும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இனி, இந்த ஆண்டு நாம் கையில் எடுத்த பெரிய வேலையைப் பற்றி.

சென்ற பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரயில் நிலையத்துக்கு எதிரே மேலவெளி வீதியில், பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி, சிம்மக்கல்லில், அரசு ராஜாஜி மருத்துவமனை மதிலோரத்தில் ராத்திரி படுத்துக் கிடப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். தங்குமிடம் என்று ஒன்று பக்கத்தில் வந்தால் திருட்டுப் பயம் வரும் என்று வேறு சிலர் எதிர்த்தார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே படுப்பவர்கள் ஏற்கெனவே நம் ஊர்க்காரர்கள்தான். பரோட்டா கடையில் தட்டு கழுவுகிறார்கள், கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறார்கள், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறார்கள். நம் வீட்டு விசேஷத்தில் நமக்கு இலை போட்டவர் ராத்திரி எங்கே படுத்தார் என்று நாம் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு சிறு குழு போட்டோம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது, தங்குமிடங்களுக்கு நேரில் போவது, அங்கே இருப்பவர்களிடம் பேசுவது, இந்த மூன்றும்தான் குழுவின் வேலை. எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஐயா இல்லாவிட்டால் முதல் வேலை நடந்தே இருக்காது.

சட்டத்தைப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட்க வேண்டியதில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-ல் வந்த, மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையும் அதே கணக்கைத்தான் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய கணக்கை வைத்துப் பார்த்தாலும் நம் ஊருக்குப் பத்துக்குக் குறையக் கூடாது.

ஆளுக்கு 50 சதுர அடி இடம், காற்றோட்டம், குடிநீர், குளியலறை, கழிப்பறை, முதலுதவி, தீத்தடுப்பு, கொசுவும் மூட்டைப்பூச்சியும் அண்டாத ஏற்பாடு, துவைத்த போர்வை, சமைக்க இடம், பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனி ஏற்பாடு, நடத்துவதற்கு ஒரு நிர்வாகக் குழு என்று எல்லாமே அந்த இயக்கத்தின் விதிமுறையில் உண்டு. அப்புறம் என்ன குறை? அங்கே படுத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. யாரும் அவரிடம் சொன்னதில்லை, சுவரிலும் எழுதி வைக்கவில்லை.

நாங்கள் போன ஓர் இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நடத்துபவர்கள் நல்ல மனசுக்காரர்கள், பணம்தான் போதவில்லை. வாசல் பலகையில் ஐம்பது பேர் என்று எழுதியிருந்தது. டேப் வைத்து அளந்தோம். விதிப்படி பார்த்தால் அந்தக் கூடத்தில் முப்பது பேர்கூடத் தங்க முடியாது. பாயும் பாயும் ஒட்டிக் கிடக்க, ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பக்கூட இடமில்லை. 50 சதுர அடி என்பது யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட எண் இல்லை என்பது அங்கே நின்றபோது புரிந்தது.

இருமலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். விடாமல் இருமிய ஒரு பெரியவரை, காசநோயாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, வேறொரு தங்குமிடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் தெருவுக்கு அனுப்பினால் நோய் போய்விடுமா? சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்கென்று பணமும் வங்கிக் கணக்கில் வருகிறது. தோப்பூர் பக்கம் இதற்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆகவே, தங்குபவர் உரிமைகளைப் பட்டியலிட்டு எங்கள் குழு தயாரித்த வரைவில் இதைக் கறாராக எழுதினோம்: உடம்பு சரியில்லை என்பதற்காக யாரையும் வெளியேற்றக் கூடாது, மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், குணமாகி வந்தால் அவர் இடம் அவருக்கே இருக்க வேண்டும்.

வேறு காரணத்துக்காக வெளியேற்றுவதாக இருந்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும், ராத்திரி நேரத்தில் வெளியே தள்ளக் கூடாது. அடிதடி, குடித்துவிட்டுக் கலாட்டா என்றால் என்ன செய்வது என்று நடத்துபவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அடுத்தவருக்கு ஆபத்து என்றால் உடனே அப்புறப்படுத்தலாம், மறுநாளே நிர்வாகக் குழு உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று சேர்த்தோம். அந்தக் குழுவில் தங்குபவர்களில் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் எங்கள் வரைவில் உண்டு.

நேரம்தான் மதுரைக்குப் பெரிய பிரச்சினை. நம் ஊரில் பாதி வேலை ராத்திரியில் நடக்கிறது. மார்க்கெட்டில் விடிய விடிய லோடு இறக்கும் ஓர் அண்ணன் சொன்னார்: "எனக்குத் தூக்கமே பகல்லதான்யா. காலையில எட்டு மணிக்கு எந்திரிச்சு வெளிய போன்னா எங்க போறது?" கணக்குக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதவைப் பூட்டி, காலையில் எல்லோரையும் வெளியேற்றும் பழக்கம் அவரைப் போன்றவருக்கு உதவவே உதவாது. 24 மணி நேரம் என்று நீதிமன்றம் சொன்னதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

வழக்கறிஞர் ஐயா இந்த இடத்தில் நியூயார்க் வழக்கு ஒன்றைச் சொன்னார். தெருவில் வாழ்ந்த ராபர்ட் காலகன் என்பவர் பெயரில் 1979-ல் தொடுத்த வழக்கு, 1981-ல் உடன்பாடாக முடிந்தது. கட்டில் 30 அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது, ஒவ்வொருவருக்கும் பூட்டி வைக்கும் பெட்டி வேண்டும், நியாயமான நேரங்களில் தடையில்லாமல் வெளியே போய்த் திரும்பி வர விட வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதினார்கள். உடன்பாடு கையெழுத்தாகும் முன்பே காலகன் தெருவிலேயே இறந்துபோனார். அந்த விவரம் எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது.

பூட்டும் பெட்டியை நம் வரைவிலும் முதல் பக்கத்திலேயே வைத்தோம். ஏன் என்று கேட்பவர்கள், சிம்மக்கல்லில் பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டியின் மஞ்சப்பையைப் பார்க்க வேண்டும். ஆதார் அட்டை, பென்ஷன் பாஸ்புக், சுகர் மாத்திரைச் சீட்டு, மகன் சின்ன வயதில் எடுத்த ஒரு போட்டோ. இவ்வளவையும் பாலிதீனில் சுற்றி, தலைக்கு வைத்துத்தான் படுக்கிறார். குளிக்கப் போனாலும் பை கூடவே போகிறது. "பை போச்சுன்னா நான் யாருன்னே யாருக்கும் தெரியாது தம்பி" என்றார். ஒரு சின்ன இரும்புப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு சாவி. இதற்கு என்ன செலவாகிவிடும்?

ஆவணங்களைப் பற்றி இன்னொன்று. வீட்டு முகவரி இல்லாதவருக்கு வாக்குரிமை கிடையாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேர்தல் ஆணையத்தின் விதி வேறு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல், வீடற்றவர் தான் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்த்து, அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதிசெய்ய வேண்டும். வேறு முகவரிச் சான்று தேவையில்லை. அடுத்த திருத்த முகாமில் நம் சங்கத்து இளைஞர்கள் இதற்கு உதவுவதாக ஏற்றிருக்கிறார்கள்.

மனநலம் குன்றி அலைபவர்கள் விஷயத்தில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அவர்களைப் பாதுகாத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. குடும்பத்தைத் தேடவும் வேண்டும். மற்றபடி, திருவிழா வருகிறது, முக்கியப் புள்ளி வருகிறார் என்று ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு போய் எங்காவது இறக்கிவிடுவதை யாரும் தங்குமிடச் சேவை என்று சொல்லக் கூடாது. விருப்பப்பட்டு வருபவருக்குத்தான் தங்குமிடம்.

இந்த வரைவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும், மாநகராட்சியிலும் மனுவாகக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டிருக்கிறோம்: நகரில் எத்தனை தங்குமிடம், எத்தனை படுக்கை, நிர்வாகக் குழு கடைசியாக எப்போது கூடியது. பதில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். நாங்கள் பேசிய தங்குமிடங்களில் ஒன்றில் மட்டும், தங்குபவர் உரிமைகளைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வாசலில் மாட்ட ஒப்புக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை வாசித்துக் காட்டவும் சம்மதித்தார்கள். பலகைச் செலவு நம் சங்கத்துடையது.

வரும் ஆண்டுக்கு உறுப்பினர்களிடம் கேட்பது இரண்டு. பூட்டும் பெட்டிகள் வாங்க ஒரு தனி நிதி தொடங்கத் தீர்மானம் போட வேண்டும். மாதம் ஓர் இரவு தங்குமிடத்துக்குப் போய் அங்கிருப்பவர்களிடம் குறை கேட்க ஆட்கள் வேண்டும். பெண்கள் பகுதிக்குப் பெண் உறுப்பினர்கள் கட்டாயம் தேவை. பெயர் கொடுப்பவர்கள் இணைச் செயலாளரிடம் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தீர்மானத்தை முன்மொழிந்து, வரவு செலவு அறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
மதுரை