பெரியப்பாவைப் பேச வை

அன்பு மகனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரும்போது இரண்டு நாளைப் பெரியப்பாவுக்கென்று ஒதுக்கிவிடு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் செய்த கதையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு நீ பதிவு செய்ய வேண்டும். எண்பது தாண்டிவிட்டார், மக்களே. இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

அந்தக் கார் 1961 முதல் பத்தாண்டு வண்டலூர்ப் பக்கம் தயாரானது, வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் என்பதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். அதை மாட்டிய தொழிலாளிகளை யார் எழுதினார்கள்? நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். அதற்கு முன்பே பஸ்ஸில் திருநெல்வேலி போய் ரயில் பிடித்து அந்த வேலைக்குச் சென்றவர் பெரியப்பா.

சென்ற மாதம் தக்கலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஹெரால்டு நிற்பதாக அறிந்து அவரை அழைத்துப் போனேன். அதில் எஞ்சினை மூடும் பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டு. மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதை மூடச் சொல்லி, பானட்டுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டினார். "கீழே அகன்றிருக்கிறது. முன் கீலைத் தளர்த்தி ஏற்ற வேண்டும்" என்றார். கண்ணாடிகூடப் போடவில்லை. ஹெரால்டின் பாடியைத் துண்டு துண்டாகச் சேஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டுத்தான் இணைப்பார்களாம். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் இழுத்துக்கொள்ளுமாம். எதை எவ்வளவு முடுக்குவது என்பதை அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும்.

ஆண்டும் தேதியும் கேட்டுத் திணறடிக்காதே. யாரிடம் வேலை கற்றார், எந்த ஸ்பேனர் எப்போதும் கையில் இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் யாருடன் உட்கார்ந்தார், இரண்டு கதவு வண்டி நான்கு கதவானபோது வேலை எப்படி மாறியது என்று கேள். முடிந்தால் அந்த வண்டி அருகிலேயே நாற்காலி போடுவோம். இரும்பைத் தொட்டதும் அவருக்குப் பேச்சு தானாக வருகிறது. நடுவே குடும்பக் கதைக்குப் போனால் மறிக்காதே.

நானே பதிந்துவிடலாம்தான். ஆனால் ஓரகடத்தில் நாள்தோறும் கார் நடுவே நிற்கிற உனக்குத் தோன்றும் கேள்வி எனக்குத் தோன்றாது.

பெரியப்பா இருந்த அதே ஆலையில் பெயிண்ட் பிரிவில் இருந்தவர் ஒருவர் இரணியலில் இருக்கிறார், படுத்த படுக்கையாம். முதலில் அவரைப் பார்த்துவிடுவோம். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல், அவர் வீட்டில் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா