உங்கள் பலகையில் கோலாருக்கும் ஒரு வரி

இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வால் கடலோரச் சுரங்க ஊர்களில் தகவல் பலகைகளும் கண்காட்சிகளும் வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் செயின்ட் ஆக்னஸில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. தங்கிய வீடு ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளியின் வீடு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், சுவர் ஒன்றரை முழம் தடிமன். ஒரு வார வாடகையைச் சொன்னால் அந்தத் தொழிலாளி எழுந்து வந்து சண்டை பிடிப்பார். அது வேறு கதை. இந்த மடல் வேறொன்றுக்காக.

முதலில், ஊர் அழகு. ஸ்டிப்பி ஸ்டாப்பி என்று ஒரு வீட்டு வரிசை, படிக்கட்டு மாதிரி சரிவில் இறங்குகிறது. பெயரைச் சொல்லிப் பார்த்தே என் சின்னவள் ஒரு நாளைக் கழித்தாள். ட்ரெவானன்ஸ் கடற்கரையில் கப்பல்துறை கட்டுவதும், கடல் அதை இடித்துப் போடுவதுமாகப் பல தலைமுறை ஓடியிருக்கிறது. கடைசியாகக் கட்டியதும் முதல் உலகப்போர்க் காலத்தில் போய்விட்டது, பிறகு யாரும் கட்டவில்லை. சரி, கடலிடம் எத்தனை முறைதான் தோற்பது!

மூன்றாம் நாள் வீல் கோட்ஸ் போனோம். 'வீல்' என்றால் உங்கள் பழைய கார்னிஷ் மொழியில் சுரங்க வேலை நடக்கும் இடம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதுவரை ஏதோ சக்கரம் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் மேட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். ஒரு பக்கம் ஊதாப் பூ, இன்னொரு பக்கம் மஞ்சள் பூ, நடுவில் கல் எஞ்சின் கட்டடம், கீழே கடல். 1872-இல் கட்டிய டோவன்ரோத் எஞ்சின் கட்டடம் அது. 600 அடி ஆழக் குழியிலிருந்து தண்ணீரை இறைக்கக் கட்டியது. இன்று கூரையும் எஞ்சினும் இல்லை, சுவரும் புகைபோக்கியும்தான் மிச்சம். எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

பெரியவன் ஒரு பலகையை அம்மாவுக்காகத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தான். சுரங்க மேலாளரை இங்கே 'கேப்டன்' என்பார்கள் என்று சொன்னதும் அம்மா திரும்பினார். "கேப்டனா? எங்கப்பா கேப்டன் துரைன்னுதானே சொல்லுவாரு. கப்பல்காரன் சுரங்கத்துல என்ன பண்றான்னு நான் கேட்பேன்."

அம்மா பிறந்தது கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில், சேம்பியன் ரீஃப் சுரங்கத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு லைன் வீட்டில். தாத்தா அங்கே சுரங்கத்துக்குள் இறங்கிய ஆள். கேப்டன் என்ற சொல் கார்ன்வாலில் இருந்து மைசூருக்குக் கப்பலேறி, தாத்தாவின் வாய்க்கு வந்து, அம்மாவின் காதில் தங்கி, பிறந்த இடத்துக்கே திரும்ப வந்திருக்கிறது. எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நாய் பிடித்துக்கொண்டு நின்ற தம்பதி, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து உதவ வந்தார்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1860-களில் செம்பு விலை விழுந்தது. அப்புறம் ஆஸ்திரேலியாவிலும் மலாயாவிலும் வெள்ளீயம் மலிவாகக் கிடைக்க, உங்கள் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வீல் கோட்ஸ் 1889-இல் மூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஆட்கள் கப்பலேறிப் போனார்கள். போன இடமெல்லாம் அவர்களுக்கு 'கசின் ஜாக்' என்று பெயர். ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா. பூமியில் எங்கே குழி தோண்டினாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். உங்கள் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தக் கைத்திறன் உலகமெல்லாம் பரவியதும் ஒரு காரணம்.

கோலாருக்கும் வந்தார்கள். 1880-இல் அந்தத் தங்கவயலுக்குள் வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், கார்ன்வாலில் செம்புச் சுரங்கம் நடத்தித் தேர்ந்த குடும்பத்தின் நிறுவனம். பங்களா, கிளப், தேவாலயம் எல்லாம் கட்டினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமே வந்தது.

நான் பார்த்த வரையில், உங்கள் பலகைகளில் கதை கப்பலேறுவதோடு நின்றுவிடுகிறது. துறைமுகத்தில் கையசைக்கும் மனைவி வரைக்கும் வருகிறது. இறங்கிய இடத்தில் ஜாக் யாரோடு வேலை செய்தான், யாருக்கு மேலே நின்று வேலை வாங்கினான் என்பது கண்ணில் படவில்லை. நான் போகாத மூலையில் இருந்தால் மன்னியுங்கள்.

கோலாரில் அந்த ஆட்கள் பெரும்பாலும் தமிழர்கள். கூடவே தெலுங்குக்காரர்களும் கன்னடக்காரர்களும். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்களில் நிறையப் பேர் தலித்துகள். பண்ணையில் கிடப்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று போனவர்கள். உங்கள் சுரங்க ஊர்களில் மெதடிஸ்ட் தேவாலயம் எப்படியோ, அப்படித் தங்கவயல் மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. கைரேகை வைத்தால்தான் வேலை என்று விதி வந்தபோது 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்கள்தான்.

டோவன்ரோத் குழி 600 அடி என்றேன் அல்லவா? சேம்பியன் ரீஃப் 10,000 அடியையும் தாண்டிப் போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். அங்கே அதை 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். மேலே லைன் வீட்டில் பாத்திரம் ஆடினால் பாட்டி வாசலுக்கு ஓடி வந்து நிற்பாராம். எந்த ஷிஃப்டு, யார் உள்ளே என்று தெருவே கணக்குப் போடுமாம். தாத்தாவை வெடிப்பு ஒன்றும் செய்யவில்லை. கல்தூசி நுரையீரலில் படிந்து, இருமி இருமியே போனார்.

இதையெல்லாம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை. உங்கள் ஆட்களும் இப்படித்தான் செத்தார்கள். 1919-இல் லெவன்ட் சுரங்கத்தில் ஆளிறக்கும் எந்திரம் அறுந்து 31 பேர் போனதைப் படித்தபோது அம்மா "ஐயோ, பாவம்" என்று வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். ஆனால் லெவன்டில் பலகை இருக்கிறது. உங்கள் பழைய குழிகளுக்குமேல் வௌவால் போய்வர வசதியாக இரும்புவலைக் கூம்பு கவிழ்த்திருக்கிறீர்கள். கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. மிச்சம், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும். பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எங்கள் சுரங்கக் கதையை அரசாங்கம் ஏன் இப்படிக் காக்கவில்லை என்று அங்கேயும் ஒரு மடல் எழுத வேண்டும். எழுதுவேன்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய பலகையையோ கண்காட்சியையோ அடுத்த முறை புதுப்பிக்கும்போது கோலாரைப் பற்றி ஒரு வரி சேருங்கள். அதோடு, கோலாரிலிருந்து போன கடிதமோ புகைப்படமோ உங்கள் ஊர் வீடுகளின் பரணில் இருந்தால், அதில் ஓரமாக நிற்கிற ஆட்களின் பெயர் பின்னால் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். துரைகளின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று அம்மா பந்தயம் கட்டுகிறார். அவர் தோற்றால் சந்தோஷம்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் தனியாக அனுப்புகிறேன். தமிழில் முதலில் எழுதக் காரணம், சுரங்கத்துக்குள் அவர்கள் பேசிக்கொண்ட மொழி இது. பலகைக்கு நான் எழுதிப் பார்த்த வரி கீழே. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், 'தமிழர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"இங்கிருந்து தென்னிந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றவர்கள், அங்கே தமிழர் முதலான ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டினார்கள்."

இப்படிக்கு,
தங்கவயல்காரி ஒருவரின் மகன்